பன்னிரண்டாவது கிளி ஸ்பூன்

ஸ்பூனின் வரலாறு பற்றிக் கொஞ்ச நேரம் பேச வேண்டும் என்று போன மாதம் எனக்கு ஒரு போன் வந்தது. பேசியவன் நவீன். நான் காலமெல்லாம் வேலை பார்த்த ஹோட்டலில் இப்போது சாப்பாட்டுப் பிரிவுக்கு அவன்தான் மேனேஜர். நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் வேலைக்குச் சேர்ந்தவன், மரியாதை தெரிந்தவன். வரவேற்புக் கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி வைத்து, ஹோட்டலின் பழைய ஸ்பூன்களை எல்லாம் அதில் அடுக்கியிருக்கிறார்களாம். திறந்து வைக்கும் அன்று நான் வந்து எந்த ஸ்பூன் எதற்கு என்று சொல்ல வேண்டுமாம். எனக்குச் சால்வை போடுவார்களாம். ஆயுசு முழுக்க ஸ்பூன் துடைத்தவனுக்கு ஒரு சால்வை கசக்குமா? சரி என்றுதான் சொன்னேன்.

போனை வைக்கப் போகும் நேரத்தில் அவன் சந்தோஷமாக இன்னொன்றும் சொன்னான்.

“கிளி ஸ்பூன் செட்டையும் வெச்சிருக்கோம் அங்கிள். பன்னெண்டும் இருக்கு, புல் செட்.”

பதினொன்றுதான் இருக்க வேண்டும்.

பன்னிரண்டாவது ஸ்பூனைத் திருடிவிட்டாள் என்று சொல்லித்தான் பழனியம்மாவை அந்த ஹோட்டலிலிருந்து விரட்டினார்கள். அன்றைக்கு அவள்மேல் ஒட்டிய பெயர் இன்றுவரை உதிரவில்லை. அது எங்கேயிருந்து வந்தது என்று நவீனைக் கேட்டேன். என் குரல் மாறியது அவனுக்குத் தெரியவில்லை.

“பெங்களூர்ல ஒரு பேமிலி அங்கிள், காபி எஸ்டேட்காரங்க. அவங்க தாத்தா அந்தக் காலத்துல நம்ம ஹோட்டலுக்கு அடிக்கடி வருவாராம். அவர் போனப்புறம் பீரோவ ஒழிச்சாங்களாம், உள்ள இருந்திருக்கு. அவங்களா கூரியர்ல அனுப்பிட்டாங்க. எவ்ளோ ஒள்ளே ஜனம் பாருங்க.”

ஒள்ளே ஜனம். நல்ல மனுஷர்கள். விழாவுக்கு அவர்களும் வருகிறார்களாம். அவர்களுக்கும் சால்வையாம். எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. உள்ளேயிருந்து என் மனைவி, பிரஷர் மாத்திரை போட்டாயிற்றா என்று கேட்டாள். அந்தக் கோபத்துக்கு மாத்திரை கிடையாது.

என் பெயர் மாரப்பன். கொள்ளேகால்காரன். எங்கள் வீட்டில் ஸ்பூன் என்று இருந்தது ஒன்றே ஒன்று. அது சர்க்கரை டப்பாவுக்குள் கிடக்கும். யாருக்காவது காய்ச்சல் வந்தால் வெளியே வந்து மருந்து கொடுத்துவிட்டு மறுபடி டப்பாவுக்குள் போய்விடும். மற்றபடி சோறு கையால், குழம்பு கரண்டியால். மைசூருக்கு வந்து ஹோட்டலில் சேர்ந்த புதிதில், ஒரு ஆள் ஒரு வேளை சாப்பிடுவதற்காக மேஜையில் பரப்பி வைத்திருந்த ஸ்பூன்களைப் பார்த்து, ஒரு குடும்பமே வருகிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். வேலை கற்றுக்கொண்ட கதையை நீட்டி முழக்க வேண்டியதில்லை. தட்டைத் தூக்கினேன், கீழே போட்டேன், திட்டு வாங்கினேன், கடைசியில் பேன்ட்ரியில் போட்டார்கள். பேன்ட்ரி என்பது சமையலறைக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவில் இருந்த அறை. வெள்ளிச் சாமான்கள் எல்லாம் அங்கே பூட்டுக்குள் இருக்கும். பாத்திரம் கழுவுகிற பெண்கள் அந்த அறையின் வாசலைத் தாண்டக் கூடாது. அது எழுதாத சட்டம்.

என்னைப் பேசச் சொன்னது வகைகளைப் பற்றி. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கிழவனுக்குக் கோபம் மட்டும்தான் தெரியும் என்பார்கள். சூப் ஸ்பூனின் தலை வட்டம். ஓரத்தால் உறிஞ்ச வேண்டும், முழுசாக வாய்க்குள் விடக் கூடாது. இனிப்புக்கு வைப்பது முட்டை வடிவம். டீ ஸ்பூன் எல்லாருக்கும் தெரியும். விருந்து முடிந்து சின்னக் கோப்பையில் கறுப்புக் காபி கொடுக்கும்போது அதைவிடச் சின்னதாக ஒன்று. ஐஸ்கிரீமுக்கு முனை தட்டையாக, மண்வெட்டி மாதிரி. பம்பளிமாஸ் பழத்துக்கு ஓரத்தில் பல் வைத்தது. அவித்த முட்டை பட்டால் வெள்ளி கறுத்துவிடும் என்பதால் அதற்கு எலும்பில், கொம்பில், சிப்பியில் செய்தவை. உப்பும் வெள்ளியை அரிக்கும். அதனால் உப்பு ஸ்பூனின் குழிக்குள் தங்க முலாம் பூசியிருப்பார்கள்.

எங்கள் கிளி ஸ்பூன் அந்த உப்பு ஸ்பூன்தான். ஹோட்டல் ஆவதற்கு முன்னால் அந்தக் கட்டடம் ஒரு பெரிய மனிதரின் பங்களாவாக இருந்தது. அப்போது சீமையிலிருந்து வரவழைத்த சாமான். சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். காம்பின் நுனியில் கொண்டைக்கடலை பெரிசுக்கு ஒரு கிளி. நீலக் கண்ணாடி பதித்த சின்ன உப்புக் கிண்ணங்களோடு சேர்த்து, பச்சை வெல்வெட் விரித்த பெட்டியில் இருக்கும். பெட்டியில் ஒவ்வொரு ஸ்பூனுக்கும் ஒரு பள்ளம்.

வரலாறு என்றால் எனக்குத் தெரிந்த வரலாறு இவ்வளவுதான். முதலில் கை இருந்தது. பிறகு சிரட்டையில் காம்பைச் செருகி அகப்பை செய்தார்கள். அகப்பை அடுப்புப் பக்கமே நின்றுவிட்டது. சாப்பிடுகிறவர் பக்கம் போனது ஸ்பூன் ஆனது, வெள்ளி ஆனது, பூட்டுக்குள் போனது. பூட்டு வந்ததும் கூடவே திருட்டு என்ற பேச்சும் வந்தது. யார் திருடினார்கள் என்று தேடும்போது எப்போதும் அடுப்புப் பக்கம்தான் தேடினார்கள்.

அப்போது எங்களுக்கு மேலே இருந்தவர் சதானந்த். அவர் ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை. ‘தயவுசெய்து’ என்று ஆரம்பிக்காமல் ஒரு வேலை சொன்னதில்லை. கைக்குட்டையை நாலாக மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டே நடப்பார். எங்கள் பக்கத்தில் வந்து பேசி முடித்தால் விரல்களைத் துடைத்துக்கொள்வார். எங்களைத் தொட்டிருக்கவே மாட்டார், ஆனாலும் துடைத்துக்கொள்வார். திட்டுகிற முதலாளியிடம் ஒரு மனுஷன் பதிலுக்குக் கோபப்படலாம். இவரிடம் அதற்கும் வழியில்லை.

வெள்ளி துடைப்பதற்கு ஒரு முறை உண்டு. பெரிய தொட்டியின் அடியில் அலுமினியத் தாளை விரித்து, சோடா உப்பு போட்டு, கொதிக்கிற தண்ணீரை ஊற்ற வேண்டும். ஸ்பூன் அந்தத் தாளைத் தொட்டபடி கிடக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் கறுப்பு விட்டுவிடும், அழுகின முட்டை வாடை வரும். எடுத்து அலசி, பழைய வேட்டித் துணியால் துடைக்க வேண்டும். கழுத்தில் பிடிக்க வேண்டும். குழியில் விரல் பட்டால் அவ்வளவுதான், ரேகை விழுந்துவிடும். துடைத்து வைத்ததைச் சதானந்த் ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பார். ஸ்பூனின் குழியில் முகம் தலைகீழாகத் தெரியும். தன் முகம் தெளிவாகத் தெரிந்தால் சிரித்துவிட்டுக் கீழே வைப்பார். இல்லாவிட்டால் அதே சிரிப்போடு என்னிடம் நீட்டுவார். அந்தத் தலைகீழ் முகத்தை நான் எத்தனையோ தடவை துடைத்திருக்கிறேன்.

ஹோட்டலின் பின்பக்கம் ஊழியர்களுக்கு ஒரு வாசல். வேலை முடிந்து போகிற எல்லாரையும் அங்கே சோதித்துத்தான் வெளியே விடுவார்கள். டிபன் கேரியரின் அடுக்குகளைப் பிரித்துக் காட்ட வேண்டும். பையைக் கவிழ்க்க வேண்டும். பெண்களுக்கு ஒரு திரை கட்டியிருந்தது. அதற்குப் பின்னால் முந்தானையை உதற வேண்டும், கொண்டையை அவிழ்த்துக் காட்ட வேண்டும். முன்பக்க வாசலில் விருந்தாளிகள் போவார்கள். அங்கே ஒரு ஆள் தலைப்பாகை கட்டிக்கொண்டு கும்பிடு போட்டுக்கொண்டிருப்பான். ஸ்பூன் காணாமல் போகாத பெரிய விருந்தே கிடையாது, அது எந்த வாசல் வழியாகப் போனது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

பழனியம்மா பெரிய பாத்திரங்கள் கழுவுகிற இடத்தில் தினக்கூலி. எங்கள் கொள்ளேகாலை அடுத்த ஹனூர்ப் பக்கம். புருஷன் கட்டட வேலைக்கு என்று வந்தவன், சாரத்திலிருந்து விழுந்து முடமாகிப்போனான். ஒரு பெண் குழந்தை. எங்கள் பக்கத்துப் பேச்சு என்பதால் என்னை அண்ணா என்பாள். மேஜையிலிருந்து வரும் எச்சில் தட்டுகளை வழித்துக் கொட்டுகிற பெரிய வாளிகள் அவள் பொறுப்பு. நிரம்பியதும் பின்வாசலில் நிற்கிற பன்றிப் பண்ணை வண்டிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அவசரத்தில் தட்டை வழிக்கும்போது ஸ்பூனும் சேர்ந்து வாளிக்குள் விழுவது சகஜம். புதிதாக வந்த பையன்கள் எல்லாரும் செய்கிற தப்பு. அதனால் பழனியம்மா தானாகவே ஒரு வழக்கம் வைத்திருந்தாள். வாளியைத் தூக்குவதற்கு முன்னால் பழைய ஜல்லிக்கரண்டி ஒன்றை உள்ளே விட்டுத் துழாவுவாள். சிக்குகிற ஸ்பூன்களைக் கழுவி, பேன்ட்ரி வாசலில் நின்று, உள்ளே வராமல், கையை மட்டும் நீட்டி என்னிடம் கொடுப்பாள். யாரும் அவளை அதைச் செய்யச் சொல்லவில்லை. அந்த எச்சிலைத் துழாவி அவள் திருப்பிக் கொடுத்த ஸ்பூன்களால்தான் எங்கள் கணக்கு பல நாள் சரியாக வந்தது. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அவளைக் கவிழ்த்தது இந்த நல்ல பழக்கம்தான்.

ஒரு தசரா சமயம். ஊரே நிரம்பி வழிந்தது. பெரிய இடத்து ஆட்களுக்கு ஒரு மதிய விருந்து; பெட்டியில் கிடந்த கிளி ஸ்பூன்களை எடுக்கச் சொன்னார் சதானந்த். உப்புக் கிண்ணம் தட்டோடு போகாது, தட்டோடு வராது. அதற்கென்று தனித் தாம்பாளம். நானே கொண்டுபோய் வைத்தேன். விருந்து முடிந்து எல்லாரும் எழுந்த பிறகு நானே போய் எடுத்தேன். ஒரு கிண்ணத்தில் உப்பு இருந்தது, ஸ்பூன் இல்லை.

மேஜைக்கடியில் தேடினோம். நாற்காலி மெத்தைகளைத் தூக்கிப் பார்த்தோம். துணிகளை உதறினோம். விருந்தாளிகள் வராந்தாவில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள்; அவர்கள் பக்கம் யாரும் திரும்பக்கூட இல்லை. சதானந்த் பின்வாசலைச் சாத்தச் சொன்னார். எச்சில் வாளிகளை எல்லாம் முற்றத்துக் கல்லில் கொட்டி, பாத்திரம் கழுவுகிற பெண்களைக் கையால் பிசைந்து தேடச் சொன்னார். தயவுசெய்து என்றுதான் சொன்னார். வெயிலில் அந்த நாற்றத்தில் குந்தி உட்கார்ந்து அவர்கள் தேடினார்கள். கிடைக்கவில்லை. அப்புறம் திரைக்குப் பின்னால் ஒவ்வொருவராகக் கூட்டிப்போனார்கள். அங்கேயும் ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லை என்றால் விட்டுவிட வேண்டியதுதானே? சதானந்த் விடவில்லை. பழனியம்மாவைக் கூப்பிட்டு நிறுத்தினார். அவர் பேசியது கன்னடத்தில். ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு நினைவிருக்கிறது.

“வாளிக்குள் ஸ்பூன் விழும் என்று தெரிந்தவள் நீ. அதைத் தேடி எடுக்கத் தெரிந்தவளும் நீ. திருப்பிக் கொடுத்தவை எங்களுக்குத் தெரியும் அம்மா. கொடுக்காதவை எத்தனை என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?”

இதற்கு எவனாவது பதில் சொல்ல முடியுமா? திருப்பிக் கொடுத்ததே திருட்டுக்குச் சாட்சி ஆகிவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள். அவருடைய கன்னடத்தில் பாதி அவளுக்குப் புரியவில்லை, ஆனால் புரிய வேண்டியது புரிந்துவிட்டது.

நான் குறுக்கே போனேன். உப்பு ஸ்பூன் தட்டோடு வராது, வாளிக்குப் போக வழியே இல்லை, கொண்டுபோனதும் நான், எடுத்ததும் நான் என்று சொன்னேன். அப்படியானால் உன் பெயரை எழுதிக்கொள்ளட்டுமா என்று அவர் நிதானமாகக் கேட்டார். எழுதிக்கொள்ளுங்கள் சார் என்றேன். அவர் எழுதவில்லை. என் பெயரை எழுதினால் பேன்ட்ரி என்று ஆகும். பேன்ட்ரி என்றால் சாவி வைத்திருக்கிற அவரையும் கேட்பார்கள். நிரந்தர ஊழியன்மேல் கை வைத்தால் சங்கத்துக்காரர்களும் வருவார்கள். பழனியம்மாவுக்குச் சங்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. நாளைக்கு வராதே என்றால் முடிந்தது. திருட்டுப் பட்டத்துக்குக்கூட என்னை லாயக்கில்லை என்று தள்ளிவிட்டு அவளுக்குக் கொடுத்தார்கள். அவர் விரல்களைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் காலை உணவுக்கு ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். காபித் தோட்டக்காரர், வெள்ளை சட்டை, வாசனையான ஆள். முந்தின நாள் நடுமேஜையில் இருந்தவர். சமாசாரம் அவர் காதுக்கும் போயிருந்தது. டீ ஊற்றும்போது என்னிடம் அன்பாகக் கேட்டார், “ஸ்பூன் கிடைத்ததா?” இல்லை சார் என்றேன். த்சொ த்சொ என்றார். இந்தக் காலத்தில் யாரை நம்புவது என்று வருத்தப்பட்டார். அவருக்கு நான் இன்னொரு டோஸ்ட்டு கொண்டுவந்து வைத்தேன். நவீன் போனில் காபி எஸ்டேட் என்று சொன்னதும் எனக்கு அந்த வெள்ளைச் சட்டைதான் கண்முன் வந்தது.

பழனியம்மா அந்தத் தெருவில் வேறு எங்கேயும் வேலைக்குப் போக முடியவில்லை. எந்த ஹோட்டலிலும் பின்வாசல் ஆட்கள் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். வீட்டு வேலைக்குப் போன இடத்தில் அலமாரியைப் பூட்டினார்கள். அவள் குடியிருந்த வரிசையில் ஸ்பூன்காரி என்று பெயர் வைத்தார்கள். கடைசியில் தேவராஜ மொஹல்லாவில் மார்க்கெட் ஓரமாக வெற்றிலை விற்க உட்கார்ந்தாள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள்.

சதானந்த் போன பிறகு, காலம் போகப் போக, பேன்ட்ரி என் கைக்கு வந்தது. நான் செய்த முதல் வேலை, தேடுகிற திசையைத் திருப்பியதுதான். விருந்தாளிகள் எழுவதற்கு முன்னாலேயே, காபி போகும்போதே மேஜையைச் சுற்றி வந்து ஸ்பூன்களைக் கணக்குப் பார்த்துவிடுவேன். ஒரு தடவை ஒரு அம்மாள் சூப் ஸ்பூனைக் கைப்பைக்குள் போட்டதை என் கண்ணால் பார்த்தேன். பக்கத்தில் அவர் கணவர், அவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய அதிகாரி. நான் ஒரு தட்டில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் இன்னொரு சூப் ஸ்பூனை வைத்துக்கொண்டு போய்க் குனிந்து, “மேடம், உங்களுக்கு வைத்த ஸ்பூனில் கறை இருந்தது, மன்னிக்கணும், மாற்றித் தருகிறேன்” என்றேன். அந்த அம்மாள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு பையைத் திறந்து ஸ்பூனை எடுத்துத் தட்டில் வைத்தார். நான் கொண்டுபோன நல்ல ஸ்பூனை அவர் எடுத்துக்கொள்ளவில்லை, அதுவரைக்கும் நல்லது. அதற்குப் பிறகு எங்கள் பெண்கள் யாரும் வாளியைப் பிசைய வேண்டி வரவில்லை. ஆனால் அந்தப் பச்சைப் பெட்டியை எப்போது திறந்தாலும் ஒரு பள்ளம் காலியாகக் கிடக்கும். நான் ஓய்வு பெறும்வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இப்போது அந்தப் பள்ளத்தை நிரப்பிவிட்டு, பட்டு ரிப்பன் கட்டி, என்னைப் பேசக் கூப்பிடுகிறார்கள்.

நவீனிடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். எனக்குச் சால்வை வேண்டாம். மைக்கில் ஜெனரல் மேனேஜர் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்: இந்த ஸ்பூனைப் பழனியம்மா எடுக்கவில்லை. அவ்வளவுதான். அவன் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றான். மறுநாள் மெல்லிய குரலில் பேசினான். அப்படிச் சொன்னால் ஸ்பூன் கொடுத்த குடும்பத்துக்குச் சங்கடமாகிவிடுமாம். நல்ல நிகழ்ச்சியில் பழைய கசப்பு எதற்கு என்கிறாராம் ஜெனரல் மேனேஜர். வேண்டுமானால் அந்த அம்மாவைக் கூட்டி வாருங்கள், ஒரு இனிப்புக் கூடை கொடுத்துவிடலாம் என்றாராம்.

“பேஜார் பண்ணிக்காதீங்க அங்கிள்,” என்றான் நவீன். “என் கைல இல்ல.”

அவனைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. வேட்டியைக் கட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனேன். பழனியம்மா வெற்றிலைமேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது, குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. ஸ்பூன் கிடைத்துவிட்டது, இன்னார் வீட்டில் இருந்தது என்று சொன்னேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தெளித்து முடித்துவிட்டு ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

“என்ற பொண்ணு கல்யாணத்துல, பந்தி நடக்கறப்ப, சம்பந்தி ஊட்டுக்காரங்க சிரிச்சுக்கிட்டே சொன்னாங்ணா, கரண்டியெல்லாம் எண்ணி வெச்சுக்கங்க, பொண்ணோட அம்மா வர்றாங்கன்னு. எம் புள்ள மணவறையில உக்காந்துக்கிட்டுக் கேட்டுது.” வெற்றிலைக் கட்டு ஒன்றை நேராக்கி வைத்தாள். “அதுக்கு இனிப்புக் கூடையுங்களா?”

அப்போது நான் வாயைத் திறந்திருந்தால் மார்க்கெட்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தியிருப்பேன். வாடிக்கைக்காரர் ஒருவர் வந்து வெற்றிலை வாங்கிக்கொண்டு போனார். அவர் போன பிறகு அவள் கேட்டாள், நான் வந்து அதப் பாக்கலாமுங்களா என்று. பார்க்கலாம் என்றேன். முன்வாசல் வழியாகவே போகலாம் என்றேன்.

விழா அன்று அவளை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல புடவை கட்டி, பூ வைத்து, தோளில் ஒரு துணிப்பையோடு வந்தாள். தலைப்பாகைக்காரன் எங்களுக்கும் கும்பிடு போட்டான். பழனியம்மா திரும்பி அவனுக்குக் கும்பிடு போட்டாள். பளிங்குத் தரையில் நாற்காலி போட்டிருந்தார்கள். கண்ணாடி அலமாரிக்கு உள்ளே விளக்கு. சூப் ஸ்பூன், பல் வைத்த ஸ்பூன், எலும்பு ஸ்பூன் எல்லாம் கல்யாணப் பெண் மாதிரி மினுங்கின. ஜல்லிக்கரண்டி அதில் இல்லை, அது எனக்கு ஆச்சரியமும் இல்லை. முன்வரிசையில் அந்தக் குடும்பம் உட்கார்ந்திருந்தது. பேரனும் அவர் மனைவியும், பார்க்க நல்ல மாதிரியான ஆட்கள்தான். அவர்களுக்குத்தான் முதல் சால்வை. கைதட்டினார்கள். அந்தப் பெண் மைக்கில், தாத்தாவுக்கு அந்தக் குட்டிக் கிளி மிகவும் பிடிக்கும், பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுவார் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள். எல்லாருக்கும் புரியட்டும் என்று கன்னடத்தில் பேசினேன். வகைகளைச் சொன்னேன். உப்பு ஏன் வெள்ளிக்கு ஆகாது என்று சொன்னேன். கிளி ஸ்பூனுக்கு வந்ததும் சொன்னேன், இது இங்கே திரும்பி வந்ததற்கு நன்றி சொன்னீர்கள், இது இங்கேயிருந்து போனதற்கு ஒருத்தியைத் திருடி என்று சொல்லி விரட்டினீர்கள், அவள் பெயர் பழனியம்மா, அதோ உட்கார்ந்திருக்கிறாள், அவள் எடுக்கவில்லை. பின்னால் யாரோ பழக்கத்தில் இரண்டு தடவை கைதட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார். ஜெனரல் மேனேஜர் சிரித்த முகத்தோடு வந்து மைக்கை என் கையிலிருந்து வாங்கினார். சால்வை தாம்பாளத்திலேயே இருந்தது.

அதற்குள் பழனியம்மா எழுந்து அலமாரிக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். கண்ணாடியில் மூக்கு படும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள். எதுங்ணா என்று கேட்டாள். நான் போய்ப் பக்கத்தில் நின்று விரலால் காட்டினேன்.

“இதா? இத்தனூண்டா?” அவள் மறுபடி குனிந்தாள். “கொழம்பு ஊத்தற கரண்டியாட்டப் பெருசா இருக்கும்னு நெனச்சுக்கிட்டிருந்தனுங்ணா, இத்தன வருசமா. இத நான் கண்ணுல பாத்ததே இல்லீங்ளே.”

மைக் அணைந்திருந்தது. ஆனாலும் அந்தக் கூடத்தில் அது எல்லாருக்கும் கேட்டது. தமிழ் தெரியாதவர்களுக்கும் என்ன என்று தெரிந்திருக்கும். இதைத் திறக்கச் சொல்லுங்க என்றாள். ஜெனரல் மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நவீன் அவர் முகத்தைப் பார்க்காமல் சாவியைப் போட்டு அலமாரியைத் திறந்தான். ஸ்பூனை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கிளியைக் கட்டை விரலால் ஒரு தடவை தடவினாள். அப்புறம் அவளே அதைப் பச்சை வெல்வெட்டில், அதன் பள்ளத்தில் வைத்தாள்.

வைத்துவிட்டுத் திரும்பி, வாசல் பக்கம் நின்ற செக்யூரிட்டி ஆளைக் கையசைத்துக் கூப்பிட்டாள். அவன் வந்தான். அவள் தோளிலிருந்த பையைக் கழற்றிப் பளிங்குத் தரையில் அப்படியே கவிழ்த்தாள். சுருக்குப்பை, மூக்குக்கண்ணாடி, நாலு வெற்றிலை, ஒரு பஸ் டிக்கெட் விழுந்தன. முந்தானையை எடுத்து உதறினாள். கையை உயர்த்திக் கொண்டையை அவிழ்த்தாள், பூ கீழே விழுந்தது. அவன் பதறிப்போய், வேண்டாம் என்று கையை ஆட்டி, பேடம்மா, பேடம்மா என்றான். நரைத்த முடி முதுகில் விழ, அவள் அந்த முன்வரிசைக் குடும்பத்தைப் பார்த்து நின்றாள்.

“என்ற பை ஆச்சு, சாமி,” என்றாள் அவனிடம். “இனி அவங்க பையப் பாரு.”